வாசிப்புக்கும் அறிவியலுக்கும் ஒரே பனைமரம்

கேள்வி: ஈராசிரியர் தொடக்கப்பள்ளியில் வேலை பார்க்கிறேன். ஒன்று முதல் ஐந்து வரை 34 பிள்ளைகள். நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் பாடத்தைத் தடையில்லாமல் வாசிக்கிறார்கள். என்ன வாசித்தாய் என்று கேட்டால் முழிக்கிறார்கள். சின்ன வகுப்பில் பாதிப் பேருக்கு எழுத்தே கூடவில்லை. அறிவியல் என்றால் கேள்வி பதிலை எழுதிப்போடுவது, சுற்றுச்சூழல் என்றால் ஜூன் 5 அன்று ஓர் ஓவியம். மூன்றையும் சேர்த்து நடத்துங்கள் என்று பயிற்சியில் சொல்கிறார்கள், எப்படி என்று சொல்வதில்லை. ஆய்வகம் இல்லை, காசும் இல்லை. எங்கே தொடங்குவது?

பதில்: டீச்சர், உங்கள் கேள்வியில் இரண்டு வேறு வேறு பிரச்சினைகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்து கூடவில்லை. பெரிய பிள்ளைகளுக்கு எழுத்து கூடிவிட்டது, பொருள் கூடவில்லை. இரண்டுக்கும் ஒரே மருந்து கிடையாது. நான் 27 வருடம் தொடக்கப்பள்ளியில் இருந்துவிட்டு, கடைசிச் சில வருடங்கள் வட்டார வள மையத்திலும் வேலை பார்த்தவன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில் பெரிய பிள்ளைகள். தடையில்லாமல் வாசிக்கிற பிள்ளைக்கு ஏன் புரியவில்லை? பெரும்பாலும் வாசிப்பில் குறையில்லை; வாசிக்கும் விஷயத்தைப் பற்றி அதற்கு முன்கூட்டி எதுவும் தெரியாது, அதுதான் காரணம். 1988-இல் அமெரிக்காவில் ரெக்ட், லெஸ்லி என்ற இருவர் ஓர் ஆய்வு செய்தார்கள். ஏழாம், எட்டாம் வகுப்பு மாணவர்கள் 64 பேரிடம் பேஸ்பால் ஆட்டம் பற்றிய ஒரு பத்தியைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார்கள். வாசிப்பில் கெட்டி, ஆட்டம் தெரியாது என்ற பிள்ளைகளைவிட, வாசிப்பில் சுமார், ஆட்டம் நன்றாகத் தெரியும் என்ற பிள்ளைகள் அதை நன்றாகப் புரிந்துகொண்டிருந்தார்கள். நம் ஊரில் இதற்கு ஆய்வே தேவையில்லை. பாடத்தில் திக்கித் திணறுகிற பையன் பேப்பரில் வந்த கிரிக்கெட் செய்தியை வரி விடாமல் விளக்குவான், பார்த்திருப்பீர்கள்.

ஆகவே புரிந்து வாசிக்கவேண்டும் என்றால், வாசிப்பதற்கு முன்னால் அந்த விஷயம் கையிலும் கண்ணிலும் பட்டிருக்கவேண்டும். அறிவியலும் சுற்றுச்சூழலும் அந்த வேலையைத்தான் செய்யப்போகின்றன. மூன்று பாடத்தையும் 'சேர்க்க' நீங்கள் தனியாக மெனக்கெட வேண்டாம். ஒரே பொருளை எடுத்துக்கொண்டு அதிலேயே பல மாதம் கிடந்தால் மூன்றும் தானாக வந்து சேரும். நான் எடுத்துக்கொண்டது பனைமரம். எங்கள் பக்கம் வறண்ட பூமி, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் வரிசையாக நின்றது, அவ்வளவுதான் காரணம். உங்கள் ஊரில் ஊருணியோ புளியமரமோ இருந்தால் அதை எடுங்கள். வழிமுறை அதேதான். ஆனால் உதாரணம் சொல்ல எனக்குப் பனைதான் வசதி.

ஜூனில் பள்ளி திறக்கும்போது நுங்கு முடியும் தறுவாயில் இருக்கும். முதல் இரண்டு வாரம் நுங்கு வண்டி செய்யச் சொல்லுங்கள். உங்களுக்குத் தெரியாவிட்டாலும் ஐந்தாம் வகுப்பில் இருக்கும் ஒருவனுக்கு நிச்சயம் தெரியும். நுங்கு தின்றபின் மிஞ்சும் இரண்டு வெறுங்காய்கள், நடுவே அச்சாக ஒரு குச்சி, தள்ளுவதற்கு ஒரு கவட்டைக் குச்சி. பிள்ளைகள் இதை விளையாட்டாகத்தான் செய்வார்கள். நீங்கள் ஒரு கேள்வி மட்டும் போடுங்கள்: "ஒரு சக்கரம் பெரிசு, ஒரு சக்கரம் சின்னது. வண்டி எந்தப் பக்கம் திரும்பும்?"

இங்கேதான் அவசரப்படக் கூடாது. பதிலை நீங்கள் சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்துபோகும். முதலில் ஒவ்வொருவரும் தன் கணிப்பைச் சிலேட்டில் எழுதட்டும். பிறகு ஓட்டிப் பார்க்கட்டும். வண்டி சின்னச் சக்கரத்தின் பக்கம் வளைந்து போகும். பெரிய சக்கரம் ஒரு சுற்றில் அதிக தூரம் போய்விடுகிறது, சின்னது பின்தங்குகிறது, அச்சு ஒன்றுதான். இதை ஐந்தாம் வகுப்புப் பிள்ளை தன் வாயால் சொல்ல இரண்டு நாள் ஆகலாம். ஆகட்டும். அடுத்து, "நேராக ஓடும் வண்டி வேண்டும், என்ன மாற்றுவாய்?" என்று கேளுங்கள். வரைந்து காட்டிய பிறகுதான் செய்யவேண்டும் என்பது ஒரே நிபந்தனை. வடிவமைப்பு என்று பெரிய பெயர் வைத்துச் சொல்வது இதைத்தான்: ஒரு தேவை, கையில் இருக்கும் பொருள், ஒரு வரைபடம், செய்து பார்த்தல், உடைந்தால் ஏன் உடைந்தது என்று பார்த்துத் திருத்துதல்.

ஓலைக் காற்றாடியும் அப்படித்தான். ஓலைக் கீற்றை மடக்கி, நடுவில் கருவேல முள்ளைச் செருகி, சோளத்தட்டையில் குத்திக்கொண்டு ஓடுவது. ஓலை தட்டையாக இருந்தால் சுற்றாது. இதழைக் கொஞ்சம் திருப்பிவிட்டால் சுற்றும். எவ்வளவு திருப்பவேண்டும்? இதழ் நீளமாக இருந்தால் வேகம் கூடுமா, குறையுமா? ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும் என்ற விதியை இங்கே சொல்லிக்கொடுங்கள். தொடக்கப்பள்ளி அறிவியலில் இந்த ஒரு விதி பிள்ளைக்குப் பிடிபட்டால் போதும், மீதியைப் பெரிய பள்ளியில் பார்த்துக்கொள்வார்கள் என்பது என் கட்சி.

(எச்சரிக்கை ஒன்று: பனைமட்டையின், அதாவது ஓலைக் காம்பின், இரண்டு ஓரமும் ரம்பம் மாதிரி இருக்கும். கருக்கு என்போம். கையைக் கிழித்துவிடும். மட்டையைப் பெரியவர்கள் சீவிக் கொடுத்த பிறகுதான் பிள்ளைகள் தொடவேண்டும். மரத்தில் ஏறுவது கூடவே கூடாது. அடியில் புதர் இருந்தால் பாம்பு, மேலே குளவிக்கூடு. போவதற்கு முன்னால் நீங்கள் ஒருமுறை சுற்றிப் பார்த்துவிடுங்கள்.)

இதெல்லாம் அரசுப் பள்ளியில் நடக்காது என்று யாராவது சொன்னால், மத்தியப் பிரதேசத்து ஹோஷங்காபாத் கதையைச் சொல்லுங்கள். 1972-இல் 16 கிராமப்புற நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கியது. பிள்ளைகள் தாங்களே செய்து பார்த்து அறிவியல் கற்கும் திட்டம். 2002-இல் அரசாங்கம் நிறுத்தும்வரை முப்பது வருடம் ஓடியது. சைக்கிள் வால்டியூபையும் தீக்குச்சியையும் வைத்து முக்கோணம், சதுரம் எல்லாம் செய்கிற அந்த விளையாட்டு, கழிவுப் பொருளில் அறிவியல் பொம்மை செய்துகாட்டும் அர்விந்த் குப்தா வழியாக நாடு முழுக்கப் பரவியதும் அங்கிருந்துதான். ஆய்வகம் இல்லை என்பது பெரிய குறையே அல்ல. அறிவியல் சோதனைகளைப் பள்ளிக்கே கொண்டுவந்து செய்துகாட்டும் நம் மாநிலத்தின் வானவில் மன்றம்கூட ஆறு முதல் எட்டு வகுப்புகளுக்குத்தான். தொடக்கப்பள்ளிக்கு யாரும் பெட்டி தூக்கிக்கொண்டு வரப்போவதில்லை, நம் கொல்லையில் இருப்பதை வைத்துத்தான் பிழைக்கவேண்டும்.

சரி, வாசிப்புக்கு வருகிறேன்.

வண்டி ஓட்டிவிட்டு வியர்த்து வந்து உட்கார்ந்ததும், "என்ன நடந்துச்சு, சொல்லு" என்று கேளுங்கள். "பெரிய சக்கரம் வேகமா போயிருச்சு, வண்டி இந்தாண்ட திரும்பிருச்சு" என்பான். அவன் சொன்னபடியே கரும்பலகையில் எழுதுங்கள். திருத்தாதீர்கள். அதற்குக் கீழே, "பெரிய சக்கரம் வேகமாகப் போய்விட்டது, வண்டி இந்தப் பக்கம் திரும்பிவிட்டது" என்று எழுதுங்கள். மேலே இருப்பது வீட்டுப் பேச்சு, கீழே இருப்பது புத்தகப் பேச்சு. தமிழ்ப் பிள்ளைக்கு வாசிப்பில் இருக்கும் பெரிய தடை இதுதான், ஆனால் நாம் இதைப் பேசுவதே இல்லை. 'போயிருச்சு' என்று பேசுகிற பிள்ளை 'போய்விட்டது' என்று வாசிக்கும்போது, ஒரு வகையில் இன்னொரு மொழியைத்தான் வாசிக்கிறது. இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் தினமும் பார்த்தால் ஒரு பருவத்துக்குள் அதுவே மாற்றிச் சொல்லத் தொடங்கும். வீட்டுப் பேச்சைத் தப்பு என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். சொன்னால் மறுநாள் வாயே திறக்காது.

இப்படிச் சேர்ந்த வாக்கியங்களை ஒரு பழைய நோட்டில் எழுதி, படம் வரைந்து, தைத்து வையுங்கள். வகுப்பிலேயே அதிகம் கிழிந்த புத்தகம் அதுவாகத்தான் இருக்கும். அதன் பிறகு பாடநூலில் சக்கரம், விசை பற்றி வரும் பத்தியைக் கொடுத்துப் பாருங்கள். முழிக்கமாட்டார்கள்.

அப்புறம் எழுத்துக் கூடாத சின்னப் பிள்ளைகள். செயல்வழி என்று ஆர்வத்தோடு இறங்குகிற ஆசிரியர்கள் சறுக்குகிற இடம் இது. நானும் சறுக்கியிருக்கிறேன். பனைமரத்தை எத்தனை முறை சுற்றி வந்தாலும் எழுத்து வந்துவிடாது. தினமும் காலையில் நாற்பது நிமிடம் எழுத்துக்கென்றே ஒதுக்கி, வரிசையாக, நேரடியாகச் சொல்லிக்கொடுத்தே ஆகவேண்டும். 2022 ஜூனில் நம் அரசு தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்திருக்கிறார்கள் அல்லவா? அந்தப் பிரிவு உங்கள் பள்ளிக்கு நன்றாகவே பொருந்தும், வகுப்பைப் பார்க்காமல் நிலையைப் பார்த்து உட்காரவையுங்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளை அரும்பில் உட்கார்ந்தால் வெட்கம் இல்லை என்பதை நீங்கள் நடந்துகொள்ளும் விதம்தான் காட்டவேண்டும்.

247 எழுத்து என்று பயமுறுத்தவேண்டாம். உயிர் 12, மெய் 18, அப்புறம் துணைக்குறிகள். பெரும்பாலான உயிர்மெய் அந்தக் குறிகளைப் பொருத்தினால் வந்துவிடும். உகர, ஊகார வரிசைதான் முரண்டு பிடிக்கும்: கு, சு, து, மு என்று ஒவ்வொன்றும் ஒரு வடிவம். அவற்றை ஒவ்வொன்றாக, தனியாகப் பழக்குங்கள். இன்னொரு சிக்கல் கொம்பு. 'கெ' என்று எழுதும்போது கொம்பு முன்னால் வருகிறது, ஓசையோ பின்னால் வருகிறது. 'கொ' என்றால் இரண்டு பக்கமும். பிள்ளை 'பொட்டி' என்பதை எழுத்துக் கூட்டும்போது கொம்பில் வந்து நிற்பது இதனால்தான். மந்தம் என்று எழுதிவிடாதீர்கள். கொம்பைப் பார்த்ததும் அடுத்த எழுத்துக்குத் தாவிவிட்டுத் திரும்பி வரவேண்டும் என்பதை விரல் வைத்துக் காட்டினால் ஒரு வாரத்தில் பழகிவிடும்.

பயிற்சிக்குச் சொற்களை மட்டும் பனையிலிருந்து எடுங்கள். பனை, ஓலை, நுங்கு, மட்டை, கருக்கு, வடலி, பதநீர், கிழங்கு. ஐகாரம், ஓகாரம், இரட்டிப்பு, ழகரம் எல்லாம் இந்த எட்டுச் சொல்லுக்குள் வந்துவிட்டன.

வேகம் பற்றியும் ஒரு வார்த்தை. மத்திய அரசின் அடிப்படை எழுத்தறிவுத் திட்டமான நிபுன் பாரத் இலக்கில், மூன்றாம் வகுப்பு முடிவில் நிமிடத்துக்குக் குறைந்தது 60 சொற்கள் வாசிக்கவேண்டும் என்று இருக்கிறது. 'பறித்துக்கொண்டிருந்தார்கள்' என்பது தமிழில் ஒரு சொல். இந்தியில் இதையே மூன்று சொல்லாகப் பிரித்து எழுதுவார்கள். ஆகவே கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு பிள்ளையை விரட்டாதீர்கள். நீளச் சொல்லைப் பறித்து / கொண்டு / இருந்தார்கள் என்று துண்டாக்கிப் பார்க்கப் பழக்குவது அதைவிட உபயோகம். அரசின் வாசிப்பு இயக்கத்தில் நுழை, நட, ஓடு, பற என்று நிலைவாரியாக வரும் சின்னப் புத்தகங்கள் உங்கள் பள்ளிக்கு வந்திருந்தால் பீரோவில் பூட்டி வைக்காதீர்கள், கயிற்றில் தொங்கவிடுங்கள். கிழிந்தால் கிழியட்டும், கணக்கு நாம் எழுதிக்கொள்ளலாம்.

எழுத்துக்கும் பனைக்கும் வேறு ஓர் உறவும் உண்டு. நான்கு, ஐந்தாம் வகுப்புக்கு இது பிடிக்கும். காய்ந்த ஓலை நறுக்கு ஒன்றில் மழுங்கிய ஆணியால் எழுதச் சொல்லுங்கள். மேலே கரித்தூளைத் தடவித் துடைத்தால் எழுத்து கறுப்பாக நிற்கும். நேர்கோடு இழுத்தால் ஓலை என்ன ஆகிறது, வளைத்து எழுதினால் என்ன ஆகிறது, புள்ளி வைத்தால் என்ன ஆகிறது? ஓலையில் எழுதியதால்தான் நம் எழுத்து வளைந்தது என்று ஒரு பேச்சு உண்டு; உண்மையா என்று அவர்களே கீறிப் பார்த்து வாதாடட்டும். சுவடிகளில் பெரும்பாலும் புள்ளி வைக்கமாட்டார்கள் என்பதும், குறில் நெடில் குழப்பத்தைத் தீர்க்க வீரமாமுனிவர் 18-ஆம் நூற்றாண்டில் எகர ஏகார, ஒகர ஓகார வடிவங்களைத் திருத்தினார் என்பதும் அந்த இடத்தில் சொன்னால் கதை மாதிரிக் கேட்பார்கள். 'ஓலை' என்ற சொல்லில் இருக்கும் லை-யே 1978 சீர்திருத்தத்துக்கு முன்பு யானைத் துதிக்கை மாதிரிச் சுழித்து எழுதப்பட்டதுதான். தாத்தாவின் பழைய கடிதத்தைக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

இனி சுற்றுச்சூழல். ஓவியப் போட்டி, முழக்கம், மரக்கன்றோடு புகைப்படம், இவற்றை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. எண்ணுவதில் தொடங்குங்கள். ஊரில் எத்தனை பனை? அலகுப்பனை (ஆண்) எத்தனை, பருவப்பனை (பெண்) எத்தனை, வடலி (இளம்பனை) எத்தனை, தலை போன மொட்டை எத்தனை? பருவப்பனையில்தான் நுங்கு என்பதே பாதிப் பிள்ளைகளுக்கு அப்போதுதான் தெரியவரும். ஊர் வரைபடம் போட்டு ஒவ்வொரு மரத்தையும் குறியுங்கள். அடுத்த வருடம் அதே மாதம் அதே வரைபடம். குறைந்திருந்தால் ஏன் என்ற கேள்வி தானாக எழும்.

அந்தக் கேள்வியைக் கவனமாகக் கையாளுங்கள். எங்கள் ஊரில் பனைகள் செங்கல் சூளைக்கு விறகாகப் போயின. வகுப்பில் ஒரு பையனின் அப்பாவே மரம் வெட்டும் வேலைக்குப் போகிறவர். மற்றப் பிள்ளைகள் அவனைப் பார்த்த பார்வையை நான் முன்கூட்டியே யோசித்திருக்கவேண்டும். யோசிக்கவில்லை. அவன் இரண்டு நாள் பள்ளிக்கு வரவில்லை. பிறகு அவன் அப்பாவையே அழைத்து, ஒரு மரம் வெட்டினால் என்ன கூலி, வேறு என்ன வேலை கிடைக்கும், எந்த மரத்தை வெட்டமாட்டீர்கள் என்று பிள்ளைகளைக் கேட்கவைத்தேன். அந்த ஒரு மணி நேரத்தில் சமூக அறிவியல் முழுவதும் வந்துபோனது. 2021-இல் அரசு பனையை வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று அறிவித்ததையும், 76 லட்சம் பனைவிதை நடும் திட்டத்தையும் அதன் பிறகு சொன்னபோதுதான், அவற்றுக்குப் பின்னால் மனிதர்கள் இருப்பது அவர்களுக்கு உறைத்தது.

ஐப்பசிவாக்கில் தூக்கணாங்குருவிக் கூடுகளைப் பாருங்கள். பனையில் தொங்கும் கூடுகளில் சில பாதியில் நின்றிருக்கும், தலைக்கவசம் மாதிரி. ஆண்குருவி அந்த அளவுக்குக் கட்டியதும் பெண்குருவி வந்து பார்க்கும்; பிடித்தால்தான் மீதியைக் கட்டி முடிக்கும். பிடிக்காவிட்டால் அப்படியே விட்டுவிட்டு வேறு கூடு தொடங்கும். வரைந்து, செய்து, காட்டி, திருத்துகிற வேலையைப் பிள்ளைகள் ஏற்கெனவே செய்திருப்பதால் இது அவர்களுக்குச் சட்டென்று பிடிபடும். கீழே விழுந்த பழைய கூட்டை எடுத்துப் பிரித்துப் பார்த்தால் உள்ளே களிமண் ஒட்டியிருக்கலாம். அதில் மின்மினிப் பூச்சியை ஒட்டி விளக்கேற்றும் என்று ஊரில் சொல்வார்கள். ஒரு கூட்டிலாவது மின்மினி கிடைத்ததா என்று கேளுங்கள். மண் எதற்கு? காற்றில் ஆடாமலிருக்கப் பாரம் என்று ஒரு விளக்கம் உண்டு. காகிதக் கூட்டைத் தொங்கவிட்டு, மண் வைத்தும் வைக்காமலும் விசிறிப் பார்க்கலாம். பொங்கல் சமயத்தில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கும், 2015-இலிருந்து நடத்துகிறார்கள். அதற்குள் உங்கள் பிள்ளைகளுக்குப் பனை உழவாரனையும் தகைவிலானையும் பிரித்துச் சொல்லத் தெரிந்திருந்தால் தாராளமாகக் கலந்துகொள்ளலாம்.

நேரம் எப்படி என்று கேட்பீர்கள். காலை முழுக்க எண்ணும் எழுத்தும், அதில் கைவைக்காதீர்கள். வாரத்தில் இரண்டு பிற்பகல்களில் அறிவியல், சூழ்நிலையியல், சமூக அறிவியல் பாடவேளைகளைச் சேர்த்து ஒன்றரை மணி நேரம் பனைக்கு. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை எழுதும், மூன்றாம் வகுப்பு அளக்கும், ஒன்றாம் வகுப்பு வரையும், ஆனால் எல்லாரும் ஒரே மரத்தடியில். இன்னொரு ஆசிரியர் சம்மதிக்காவிட்டால் ஒரு பிற்பகல் போதும். பாடக்குறிப்பேட்டில் அந்தந்தப் பாடத்தின் கற்றல் விளைவை எழுதி, எதிரே 'பனை' என்று போடுங்கள். வட்டாரக் கல்வி அலுவலர் வந்தால் பிள்ளைகள் தைத்த நோட்டைக் கையில் கொடுத்து, ஏதாவது ஒரு பக்கத்தை எந்தப் பிள்ளையையாவது வாசிக்கச் சொல்லுங்கள் என்று அவரிடமே விட்டுவிடுங்கள். எனக்கு வந்தவர்களில் ஒருவர் பாடக்குறிப்பில் பாடவேளை எண் இல்லை என்று எழுதிவிட்டுப் போனார். மற்றவர்கள் காற்றாடி கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள்.

உடனே செய்யவேண்டியது ஒன்று இருக்கிறது. ஆடி முடிவிலிருந்து பனம்பழம் விழ ஆரம்பிக்கும். கொட்டைகளைப் பொறுக்கி வைக்கச் சொல்லுங்கள், அறுபதாவது வேண்டும். புரட்டாசியில் மணல் மேடு போட்டுப் புதைத்தால் தையில் கிழங்கு. நான் முதல் வருடம் எல்லாவற்றையும் கலந்து புதைத்தேன்: சிலது ஆழம், சிலது மேலே, சிலது ஊறவைத்தது. தோண்டியபோது எது எதனால் என்று யாருக்கும் தெரியவில்லை. நீங்கள் மூன்று வரிசையாகப் போடுங்கள், ஆழத்தை மட்டும் மாற்றுங்கள். வாரம் ஒரு கொட்டையைத் தோண்டிப் பார்த்து வரையட்டும். முளை மேலே வருவதற்குப் பதில் முதலில் கீழே இறங்குவதைப் பார்த்ததும் தலைகீழாக நட்டுவிட்டோம் என்று சண்டை போடுவார்கள். ஒரு கொட்டையை வெட்டி, உள்ளே வெள்ளையாகப் பஞ்சு மாதிரி இருக்கும் தவுனை ஆளுக்குக் கொஞ்சம் கொடுங்கள்.

சுற்றிலும் முள்வேலி போடுங்கள். ஆட்டைவிட, உங்கள் பள்ளியில் ஐந்து முடித்துப் பெரிய பள்ளிக்குப் போன பயல்கள்தான் ஆபத்து. எங்களுடையதை மார்கழியிலேயே தோண்டி அவித்துத் தின்றுவிட்டார்கள்.